அடுக்குவழி நிரல்மொழிகளும் பக்க விவரிப்பும்

அடுக்குவழி நிரல்மொழி என்பது, கணக்கீட்டுக்கு வேண்டிய மதிப்புகளை ஓர் அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, மேலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் கணினி மொழியாகும். பக்க விவரிப்பு மொழி என்பது, ஒரு தாளில் எந்த இடத்தில் எந்த எழுத்தும் கோடும் படமும் அமைய வேண்டும் என்று அச்சுப்பொறிக்குச் சொல்லும் மொழியாகும். இவ்விரு கருத்துகளும் 1984இல் வெளியான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் ஒன்றாகச் சேர்ந்தன. கணினிவழித் தமிழ்ப் பதிப்பு வளர்ந்த காலத்தில் ஏராளமான நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் இம்மொழி வகுத்த முறையிலோ, இதன் வழிவந்த பிடிஎஃப் வடிவிலோ உருவாயின. அப்பக்கங்கள் கண்ணுக்குப் பிழையின்றித் தெரிகின்றன. ஆனால் அவற்றுள் பல கணினித் தேடலில் அகப்படுவதில்லை. இந்த முரண்பாட்டின் வேர் பக்க விவரிப்பின் இயல்பிலேயே இருக்கிறது.

அடுக்கு இயங்கும் முறை

பாத்திரக் கடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளில், கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கையில் வரும். கணினியின் அடுக்கும் அப்படிப்பட்டதே. கடைசியாக இட்ட மதிப்பு முதலில் எடுக்கப்படும்.

மூன்றையும் நான்கையும் கூட்டி, வந்ததை ஐந்தால் பெருக்க வேண்டும் என்று கொள்வோம். பள்ளிக் கணக்கில் இது (3 + 4) × 5 என்று எழுதப்படும். அடுக்குவழி மொழியில் இதுவே 3 4 + 5 × என்று அமையும். கணினி இதை இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் படிக்கிறது. 3 அடுக்கில் ஏறுகிறது. அதன்மேல் 4 ஏறுகிறது. கூட்டல் குறி வந்ததும் மேலிருக்கும் இரண்டும் எடுக்கப்பட்டு, 7 அடுக்கில் வைக்கப்படுகிறது. பிறகு 5 ஏறுகிறது. பெருக்கல் குறி வந்ததும் அடுக்கில் 35 மட்டும் எஞ்சுகிறது. அடைப்புக்குறிகளுக்கு வேலையே இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்ற விதிகளும் தேவையில்லை.

செயலைக் குறிக்கும் சொல் இறுதியில் வருவதால் இதற்குப் பின்னொட்டுக் குறியீடு என்று பெயர். ஆங்கிலம் போன்ற மொழிகளைப் பேசுவோருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவது இயல்பு. "மூன்றையும் நான்கையும் கூட்டு, ஐந்தால் பெருக்கு" என்ற தொடரும் 3 4 + 5 × என்ற நிரலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. இம்மொழிகளை வடிவமைத்தோர் தமிழை மனத்தில் கொண்டு அவ்வாறு செய்யவில்லை. எனினும் தமிழ் மாணவர் இவ்வரிசையை எளிதில் புரிந்துகொள்ள இந்த ஒப்புமை உதவும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி அடுக்குவழி மொழி அன்று. ஆனால் அதிலும் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்ற சொல் பின்னும் வருகின்றன. தமிழின் சொல்வரிசையை மதிக்க முயன்றதன் விளைவு அது.

பின்னொட்டுக் குறியீட்டின் தோற்றம்

போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் யான் வுகாசியேவிச் 1920களில் அடைப்புக்குறி வேண்டாத ஒரு குறியீட்டை வகுத்தார். அதில் செயற்குறி முன்னால் வந்தது. அதைத் திருப்பிப் போட்ட வடிவமே பின்னொட்டுக் குறியீடு. ஆஸ்திரேலிய மெய்யியலாளர் சார்லஸ் ஹாம்ப்ளின் 1950களின் நடுவில் இதைக் கணினிக்குப் பொருத்திக் காட்டினார்.

அடுக்கு என்ற கருத்து வேறு வழிகளிலும் தோன்றியது. ஆலன் டூரிங் 1940களின் நடுவில் தாம் திட்டமிட்ட கணினியில், துணைநிரலுக்குப் போய்த் திரும்பும் இடத்தை நினைவில் வைப்பதற்குப் 'புதைத்தல்', 'தோண்டியெடுத்தல்' என்ற பொருள்தரும் சொற்களைப் பயன்படுத்தினார். ஜெர்மனியில் பிரீட்ரிக் பவரும் கிளவுஸ் சாமெல்சனும் 1957இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினர். 1961இல் அறிவிக்கப்பட்ட பரோஸ் பி5000 கணினியின் வன்பொருளே அடுக்கை மையமாகக் கொண்டிருந்தது. 1972இல் வெளிவந்த எச்பி-35 கைக்கணிப்பான் பின்னொட்டுக் குறியீட்டைப் பொறியாளர்களின் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது.

ஃபோர்த்

இவ்வழியில் தோன்றிய முழு நிரல்மொழிகளுள் புகழ்பெற்றது ஃபோர்த். இதை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் மூர். நான்காம் தலைமுறைக் கணினிக்கான மொழி என்ற எண்ணத்தில் ஆங்கிலத்தில் 'நான்காவது' என்று பொருள்படும் சொல்லை அவர் பெயராக்க விரும்பினார். அவர் பயன்படுத்திய ஐபிஎம் 1130 கணினி ஐந்து எழுத்துக்குமேல் கோப்புப் பெயரை ஏற்காததால் ஓர் எழுத்துக் குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்த வானொலித் தொலைநோக்கியை இயக்க இம்மொழி பயன்பட்டது.

ஃபோர்த்தில் இடைவெளிகளுக்கு இடையே வரும் எழுத்துக்கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு சொல். பழைய சொற்களைச் சேர்த்துப் புதிய சொல்லை உருவாக்கலாம். அப்புதிய சொல் மொழியின் பகுதியாகவே ஆகிவிடும். சிறிய நினைவகத்தில் ஒரு முழு மொழி இயங்க முடியும் என்பதை ஃபோர்த் நிறுவியது.

துறைமுகப் படத்திலிருந்து அச்சுப்பொறிக்கு

போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபோர்த்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று பலர் கருதுவதுண்டு. இரண்டுக்கும் ஒற்றுமை உண்டெனினும் பிறப்பு வேறு. 1976இல் எவன்ஸ் அண்ட் சதர்லாண்ட் என்ற கணினி வரைகலை நிறுவனத்தில், நியூயார்க் துறைமுகத்தின் முப்பரிமாணப் படத் தரவுகளைக் கையாளும் பணி நடந்தது. அதற்காக ஜான் காஃப்னி என்பவர் அடுக்குவழியில் இயங்கும் ஒரு வடிவமைப்பு மொழியை எழுதினார். அங்கே பணியாற்றிய ஜான் வார்னாக் பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கே மார்ட்டின் நியூவெலுடன் சேர்ந்து அக்கருத்துகளை மறுபடி வடிவமைத்தார். இருவர் பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்து அம்மொழிக்கு 'ஜாம்' என்ற பெயர் வந்தது. அதிலிருந்து ஜெராக்ஸின் இன்டர்பிரஸ் என்ற பக்க விவரிப்பு மொழி வளர்ந்தது.

இன்டர்பிரஸ் உரிய காலத்தில் வெளியுலகுக்கு வரவில்லை. வார்னாக்கும் அவருடைய மேலாளர் சார்லஸ் கெஷ்கியும் 1982 டிசம்பரில் விலகி அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளியானது. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி இம்மொழியைத் தாங்கி வந்தது. அதன் விலை 6995 டாலர். அதனுள் இருந்த செயலியும் 1.5 மெகாபைட்டு நினைவகமும் பக்கத்தை வரையும் நிரலை இயக்குவதற்கானவை. அதே ஆண்டில் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தது. இம்மூன்றும் சேர்ந்து மேசைக் கணினிப் பதிப்பு என்ற தொழிலை உருவாக்கின. தமிழ்நாட்டில் இத்தொழில் 'டிடிபி' என்ற பெயரிலேயே வழங்குகிறது.

அடுக்கு ஏன் பொருத்தமாயிற்று

போஸ்ட்ஸ்கிரிப்ட் தாளின் இடப்பக்கக் கீழ்மூலையைத் தொடக்கமாகக் கொள்கிறது. ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு அதன் அலகு. ஏ4 தாள் ஏறக்குறைய 595 அலகு அகலமும் 842 அலகு உயரமும் கொண்டது. இருபுறமும் ஓர் அங்குலம் விட்டு ஒரு கோடு வரைவதற்கான கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதினால் இவ்வாறு இருக்கும்:

72 720 மூவ்டு 523 720 லைன்டு ஸ்ட்ரோக்

முதலிரண்டு எண்களும் அடுக்கில் ஏறுகின்றன. 'மூவ்டு' அவற்றை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளிக்குப் போகிறது. அடுத்த இரண்டு எண்களை எடுத்து 'லைன்டு' அங்கிருந்து ஒரு பாதை போடுகிறது. 'ஸ்ட்ரோக்' அப்பாதையில் மை பூசுகிறது.

இம்முறையால் மூன்று நன்மைகள் விளைந்தன. முதலாவது, ஒவ்வொரு சொல்லும் வந்தவுடனேயே இயக்கப்படும். அடுத்து என்ன வரும் என்று அச்சுப்பொறி காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, இலக்கணத்தைப் பகுத்துப் பார்க்கும் பகுதி மிகச் சிறிதாக இருக்கலாம். நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் இது பெரிய சேமிப்பு. மூன்றாவது, இந்நிரல்களை எழுதியவை பெரும்பாலும் பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களே. மனிதர் படிக்கக் கடினமான வரிசை இயந்திரத்துக்குத் தடையாகவில்லை.

இன்னொரு சிறப்பும் இருந்தது. பக்கம் புள்ளிகளின் தொகுப்பாக அல்லாமல் வரையும் முறையாகவே அனுப்பப்பட்டது. எனவே அதே கோப்பு அங்குலத்துக்கு 300 புள்ளி தரும் லேசர்ரைட்டரிலும், 1270 புள்ளி தரும் லினோட்ரானிக் படச்சுருள் கருவியிலும் அந்தந்தக் கருவியின் முழுக் கூர்மையோடு அச்சாகியது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு ஒரு முழு நிரல். ஐம்பதாம் பக்கத்தில் என்ன இருக்கும் என்பது முதல் நாற்பத்தொன்பது பக்கங்களை இயக்கிய பிறகே உறுதியாகும். முடிவின்றிச் சுழலும் பக்கத்தையும் எழுத முடியும்.

தமிழ் எழுத்தும் 256 இடங்களும்

போஸ்ட்ஸ்கிரிப்டின் முதல்வகை எழுத்துருக்களில் ஒரு நேரத்தில் 256 குறியிடங்களையே அழைக்க முடிந்தது. அவற்றுள் சில கணினியின் கட்டுப்பாட்டுக் குறிகளுக்குப் போய்விடும். உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகிய 247 எழுத்துகளையும் தனித்தனியாக இட்டால் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் இடம் போதாது. ஆகவே எழுத்துரு வடிவமைப்போர் தமிழ் எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தனர். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகியவை தனி வடிவங்களாயின. உகர, ஊகார வரிசைகள் எழுத்துக்கு எழுத்து உருமாறுவதால் அவற்றுக்குத் தனித்தனி வடிவங்கள் தேவைப்பட்டன. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய கூட்டு வடிவங்களை நீக்கியிருந்ததால் சில இடங்கள் மிச்சமாயின.

தருமபுரி மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் இரண்டைக் கொண்டு இதை விளக்கலாம். 'இண்டூர்' என்ற பெயரில் இ, ண், டூ, ர் என நான்கு எழுத்துகள் உள்ளன. புள்ளியெழுத்துகளையும் ஊகார வரிசையையும் தனி வடிவமாகக் கொண்ட எழுத்துருவில் இது நான்கே குறிகளில் முடியும். 'பென்னாகரம்' என்ற பெயரில் ஆறு எழுத்துகள் உள்ளன. அதே எழுத்துருவில் அது எட்டுக் குறிகளாகும். முதலில் வருவது ப அன்று, ஒற்றைக்கொம்பு. அதன் பிறகே ப, ன், ன, கால், க, ர, ம் ஆகியவை வரும்.

இந்த வரிசை கணினியால் வந்த புதுமையும் அன்று. ஈய எழுத்துகளைக் கோத்த அச்சுக்கோப்பாளர் கொம்பை முதலில் எடுத்து வைத்து, அதன்பின் மெய்யின் அச்சை வைத்தார். தட்டச்சாளரும் கொம்பைத்தான் முதலில் அடித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் முதல் தமிழ் அச்சுத்தொழில் அறிந்தது வடிவத்தின் வரிசையையே. போஸ்ட்ஸ்கிரிப்டும் வடிவத்தை இடத்தில் வைக்கும் மொழியாதலால் பழைய தொழிலும் புதிய கருவியும் சிக்கலின்றிப் பொருந்தின.

1990களில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்', இலங்கைத் தமிழரிடையே பரவலான 'பாமினி' போன்ற எழுத்துருக்களும் மென்பொருள்களும் தமிழ்ப் பதிப்பைக் கணினிக்குக் கொண்டுவந்தன. மாவட்டத் தலைநகர்களின் டிடிபி மையங்களில் பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து, பட்டர் பேப்பரில் லேசர் படி எடுத்து, ஆஃப்செட் தகடு செய்வது வழக்கமாயிற்று. விலை குறைந்த அச்சுப்பொறிகள் பலவற்றில் போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கவில்லை. அங்கே கணினியின் இயங்குதளமே பக்கத்தை வரைந்து அனுப்பியது. எனினும் எழுத்துருவும் பக்க அமைப்பும் போஸ்ட்ஸ்கிரிப்ட் வகுத்த வழியையே பின்பற்றின.

பக்கம் தெரியும், சொல் தெரியாது

ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பப்படி குறியிடங்களை வகுத்துக்கொண்டது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகிய ஜே, கே, பி, ஓ ஆகியவையும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்த தொடராகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இருக்கும்வரை திரையிலும் தாளிலும் தமிழ் தெரியும். எழுத்துரு இல்லாத இடத்தில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் இதைக் குறையாகக் கருதவில்லை. இன்ன குறியிடத்து வடிவத்தை இன்ன இடத்தில் வரை என்பதே அதன் கட்டளை. அவ்வடிவம் எந்த மொழியின் எந்த எழுத்து என்று கேட்கும் தேவை அதற்கு இல்லை. ஆங்கிலத்தில் வடிவமும் எழுத்தும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால் இந்த இடைவெளி அங்கே அதிகம் உறுத்தவில்லை. தமிழில் அது வெளிப்படையாகத் தெரிந்தது.

பொதுக் குறிமுறைக்கான முயற்சிகள் 1990களின் பிற்பகுதியில் வலுப்பெற்றன. உலகெங்கும் உள்ள தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்து பேசித் திஸ்கி குறிமுறையை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை மின்பதிப்பாக்க அதைப் பயன்படுத்தியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு தாம், தாப் குறிமுறைகளை ஏற்றது. இவை அனைத்தும் 256 இடங்களுக்குள் அடங்கிய வடிவக் குறிமுறைகள். திஸ்கியிலும் கொம்பு மெய்க்கு முன்பே சேமிக்கப்பட்டது.

1991இல் வெளியான ஒருங்குறி வேறு வழியில் சென்றது. அதில் ஒலிப்பு வரிசையே சேமிப்பு வரிசை. 'பென்னாகரம்' என்ற சொல்லில் ப முதலிலும் எகரக்குறி அடுத்தும் நிற்கும். கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது காட்டும் மென்பொருளின் பொறுப்பு. 'இண்டூர்' என்ற நான்கெழுத்துப் பெயர் ஒருங்குறியில் ஏழு குறிகளாகிறது. 2000இல் வந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் 'லதா' என்ற எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைத் தாங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறிமுறையையும் தரமாக அறிவித்தது.

பிடிஎஃப் கொண்டுவந்ததும் கொண்டுவராததும்

1993இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்டிலிருந்து நிரலாக்கத்தை நீக்கிய வடிவம். எண்கள் முன்னும் கட்டளை பின்னும் வரும் பின்னொட்டு வரிசை அதில் தொடர்கிறது. சுழற்சி, நிபந்தனை, புதிய சொல் உருவாக்கம் ஆகியவை இல்லை. அதனால் எந்தப் பக்கத்துக்கும் நேரடியாகப் போக முடிகிறது. 2008இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று.

வடிவத்தை எழுத்தோடு இணைக்கும் வசதிகள் பிடிஎஃபில் பின்னரே சேர்ந்தன. 1996இல் வந்த பதிப்பில் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய ஒருங்குறியைக் கூறும் அட்டவணை இடம்பெற்றது. 2001இல் வந்த பதிப்பில் ஒரு பகுதியின் உண்மையான உரையைத் தனியே பதிந்துவைக்கும் வழி வந்தது. முன்னது தமிழுக்கு முழுத் தீர்வாகவில்லை. வடிவங்கள் பக்கத்தில் நிற்கும் வரிசையிலேயே உரை எடுக்கப்பட்டால், கொம்பு மெய்க்கு முன்னால் வந்துவிடும். ஒருங்குறியில் தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃபிலிருந்து படியெடுத்தால்கூடப் 'பென்னாகரம்' என்பதில் கொம்பு தனியே பிரிந்து நிற்பதைப் பலமுறை காணலாம். கண்ணுக்கு அது சிறு பிழை. தேடுபொறிக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது வேறொரு சொல்.

ஆகவே மின்கோப்பாகப் பிறந்த ஒரு தமிழ்ப் பக்கத்தையே படமாக்கி, எழுத்துணரி மென்பொருளால் மறுபடி படிக்கவைக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்த கோப்புகளுக்குச் சுரதாவின் 'பொங்குதமிழ்', நியூ ஹொரைசன் மீடியாவின் எழுத்துரு மாற்றி போன்றவை ஒருங்குறிக்கு மாறும் வழியைத் தந்தன. எழுத்துருவின் பெயரும் அதன் குறியிட அட்டவணையும் தொலைந்தால் அவ்வழியும் அடைபடும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைப் பாதுகாக்கும் நூலகங்களும் பதிப்பகங்களும் எழுத்துருக் கோப்பையும் உடன் பாதுகாப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

இன்றைய நிலை

போஸ்ட்ஸ்கிரிப்ட் இப்போது பின்வாங்கி வருகிறது. 2022இல் வந்த ஆப்பிள் மேக் இயங்குதளத்தின் பார்வையிடு மென்பொருள் அக்கோப்புகளைத் திறப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதன் தொடக்கக்கால மூலநிரலை வெளியிட்டது. 2023 ஜனவரியில் அடோபி தன் மென்பொருள்களில் முதல்வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. பீட்டர் டாய்ச் 1988இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பழைய கோப்புகளைத் திறக்க இன்றும் உதவுகிறது.

அடுக்கு மறையவில்லை. ஜாவாவின் மெய்நிகர் இயந்திரமும், உலாவிகளில் இயங்கும் வெப்அசெம்பிளியும் அடுக்குவழியில் அமைந்தவை. பிட்காயின் பரிமாற்றத்தைச் சரிபார்க்கும் சிறுமொழி ஃபோர்த்தை ஒத்தது. ஓப்பன்டைப் எழுத்துருக்களுள் ஒரு வகையில், ஒவ்வோர் எழுத்தின் வளைவும் எண்களை அடுக்கில் ஏற்றி இறுதியில் கட்டளை தரும் முறையில்தான் பதிவாகியுள்ளது. அத்தகைய எழுத்துருவில் 'டூ' என்ற எழுத்தின் வளைவுகளும் அவ்வாறே திரையில் வரையப்படுகின்றன. வரையும் முறை அன்றிருந்தது போலவே இன்றும் இருக்கிறது. மாறியது, வடிவத்தோடு எழுத்தையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும் என்ற தெளிவு. ஒரு தமிழ் பிடிஎஃபை வெளியிடுமுன் அதிலிருந்து சில வரிகளைப் படியெடுத்து, கொம்புகள் உரிய இடத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அந்தத் தெளிவை நடைமுறைப்படுத்தும் எளிய சோதனையாகும்.